ஒரே தளம், நாலு தோற்றம்: லேஅவுட்டை எங்கே வைப்பது?

ஒரு பாடத் தளம் என்று வைத்துக்கொள்வோம். முகப்பு, கட்டண விவரம், கட்டுரைகள் ஆகியவற்றுக்கு மேலே ஹெடர், கீழே நீளமான ஃபூட்டர். லாகின் பக்கத்துக்கும் புதுக் கணக்குப் பக்கத்துக்கும் நடுவில் ஒரு பெட்டி மட்டும். உள்ளே வந்த மாணவருக்கு இடது பக்கம் சைட்பாருடன் டேஷ்போர்டு. தேர்வு எழுதும் பக்கத்தில் இவை எதுவும் கூடாது: கேள்வி, ஓடும் கடிகாரம், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பக்கத்தின் முகவரி /பாடங்கள்/12/தேர்வு. முகவரியின்படி அது டேஷ்போர்டின் வயிற்றுக்குள் இருக்கிறது. திரையிலோ டேஷ்போர்டின் நிழல்கூடப் படக் கூடாது.

பக்கங்களைச் சுற்றி நிற்கும் இந்தப் பொதுச் சட்டகத்துக்குத்தான் லேஅவுட் என்று பெயர். முதல் மூன்று தோற்றங்கள் எந்த ஃப்ரேம்வொர்க்கிலும் பெரிய தலைவலி இல்லை. அந்த நாலாவதுதான் ஃபோல்டர் அமைப்பையே கலைத்துப் போட வைக்கும். கோப்பு வழி ரூட்டிங்கில் (எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்பதைக் கோப்புகளே தீர்மானிக்கும் முறை) ஃபோல்டர் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறதோ அப்படியே முகவரி. முகவரி எப்படியோ அப்படியே லேஅவுட்டும் ஒன்றுக்குள் ஒன்றாக. ஒரே மரம் மூன்று வேலை பார்க்கிறது. மூன்றும் ஒத்துப்போகும்வரை சுகம்தான். ஒத்துப்போகாத இடத்தில் என்ன செய்வது என்பதில் நெக்ஸ்ட், ஸ்வெல்ட்கிட், நக்ஸ்ட், ரியாக்ட் ரவுட்டர், டான்ஸ்டாக் ரவுட்டர், ஆஸ்ட்ரோ ஆகிய வலைத்தளக் கருவிகள் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் போகின்றன.

(சின்னக் குறிப்பு: வழிக்கும் ரூட், வேருக்கும் ரூட் என்று தமிழில் எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் மரத்தின் உச்சியில் இருப்பதை வேர் லேஅவுட் என்றே எழுதுகிறேன். வேர் உச்சியில் இருக்கும் மரம் நம் தொழிலில் மட்டும்தான் உண்டு.)

முதலில் எண்ணிப் பாருங்கள்

எந்த வசதியைப் பயன்படுத்தலாம் என்று பார்ப்பதற்கு முன்னால், தளத்தில் உண்மையிலேயே எத்தனை லேஅவுட் இருக்கின்றன என்று எண்ணிவிடுவது நல்லது. பெரும்பாலும் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் வரும். ஒரு பக்கத்தில் ஹெடரின் நிறம் வேறு, இன்னொன்றில் அகலம் அதிகம், மற்றொன்றில் ஃபூட்டர் இல்லை என்பதெல்லாம் தனித்தனி லேஅவுட் ஆகாது. அவை ஒரு காம்பொனென்ட்டுக்கு (மறுபடி பயன்படுத்தக்கூடிய திரைத் துண்டுக்கு) கொடுக்கும் ப்ராப்கள், அதாவது அமைப்பு மதிப்புகள்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இரண்டு கேள்விகள். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போகும்போது எது அப்படியே நிற்க வேண்டும்? எந்தத் தரவை இந்தப் பக்கங்கள் எல்லாம் பகிர்ந்துகொள்கின்றன? டேஷ்போர்டின் சைட்பாரை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர் அதில் பாதி வரை ஸ்க்ரோல் செய்திருப்பார், ஒரு பகுதியைத் திறந்து வைத்திருப்பார். பாடத்திலிருந்து பாடத்துக்குப் போகும்போது அது மடங்கி, மேலே போய், மறுபடி வரைந்துகொண்டால் எரிச்சல் வரும். ஆகவே அது லேஅவுட். லாகின் பெட்டியில் நிற்க வேண்டியது எதுவும் இல்லை. இரண்டு பக்கங்களும் ஒரே காம்பொனென்ட்டை இறக்கிச் சுற்றிக்கொண்டால் முடிந்தது. அதற்கு ஒரு ஃபோல்டர், ஒரு லேஅவுட் கோப்பு என்று தொடங்குவது கொசுவை அடிக்கக் கோடாலி எடுப்பது மாதிரி.

ஃபோல்டரில் எழுதப்படுவது "எது நிலைத்து நிற்கிறது" என்பது மட்டுமாக இருக்கட்டும். வெறும் தோற்ற வேறுபாடு காம்பொனென்ட்டிலேயே தங்கட்டும். கீழே உள்ள ஒவ்வொரு வழியையும் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன்.

ஒரே லேஅவுட், உள்ளே ஒரு இஃப்

எல்லோரும் முதலில் செய்வது இதுதான். லேஅவுட் கோப்பில் தற்போதைய முகவரியைப் பார்த்து, தேர்வுப் பக்கம் என்றால் சைட்பாரைக் காட்டாதே என்று ஒரு வரி. இதை அசிங்கம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஸ்வெல்ட்கிட்டின் ஆவணமே, எல்லாவற்றுக்கும் குரூப் (முகவரியில் வராத ஃபோல்டர், கீழே வருகிறது) போட வேண்டாம், ஒரே ஒரு விதிவிலக்குக்காக மரத்தைச் சிக்கலாக்குவதைவிடக் காம்பொனென்ட்டையோ இஃப்பையோ பயன்படுத்துவதில் தவறில்லை என்கிற மாதிரிதான் சொல்கிறது.

நெக்ஸ்ட்டின் புதிய ரூட்டிங் முறையான ஆப் ரவுட்டரில் மட்டும் இதற்கு ஒரு விலை உண்டு. அங்கே லேஅவுட் இயல்பாகவே சர்வரில் ஓடுவது. அதற்குத் தற்போதைய முகவரி தெரியாது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் பக்கம் மாறும்போது லேஅவுட் மறுபடி ரெண்டர் ஆவதில்லை. அப்போது முகவரியைக் கொடுத்தாலும் அது பழைய முகவரியாகத்தான் இருக்கும். ஆகவே முகவரியைப் பார்க்கும் அந்தத் துண்டைத் தனியாகப் பிரித்து, பிரவுசரிலும் ஓடும் கிளையன்ட் காம்பொனென்ட் ஆக்கி, முகவரியைத் தரும் யூஸ்பாத்நேம் ஹுக்கைக் கூப்பிட வேண்டும். ஒரு சைட்பாருக்குப் பரவாயில்லை. ஆனால் லேஅவுட்டின் பெரும்பகுதி இந்த ஹுக்குக்காகவே கிளையன்ட் பக்கம் நகர்கிறது என்றால் வழி தவறிவிட்டது என்று அர்த்தம்.

இஃப்பின் உண்மையான ஆபத்து வேறு. நான் வேலை பார்த்த ஒரு ப்ராஜெக்டில் இது ஒரு வரியாகத்தான் பிறந்தது. ஆறேழு மாதத்தில் சைட்பார் காட்டக் கூடாத முகவரிகளின் பட்டியலாக வளர்ந்து ஒரு தனிக் கோப்பாகவே ஆகிவிட்டது. அப்புறம் யாரோ ஒரு முகவரியின் பெயரை மாற்றினார்கள்; பட்டியலில் மாற்ற மறந்தார்கள். பில்ட் ஓடியது, டெஸ்ட்டுகள் பச்சையாகவே இருந்தன, முழுத்திரையாக இருக்க வேண்டிய பக்கத்தில் சைட்பார் கம்பீரமாக வந்து உட்கார்ந்தது. முகவரி வெறும் எழுத்தாக ஒரு பட்டியலில் இருந்தால் அதைக் காக்க யாரும் இல்லை.

இதற்கு ஒரு நடுவழி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. லேஅவுட் முகவரியை மோப்பம் பிடிப்பதற்குப் பதிலாகப் பக்கமே மேலே சொல்லி அனுப்பலாம். ரியாக்ட் ரவுட்டரிலும் அதன் குடும்பத்து ரீமிக்ஸிலும் ஒரு ரூட் கோப்பு ஹேண்டில் என்ற பெயரில் எதையும் ஏற்றுமதி செய்யலாம். மேலே உள்ள லேஅவுட் யூஸ்மேட்சஸ் மூலம் அதைப் படிக்கும். ஸ்வெல்ட்கிட்டில் பக்கத்தின் லோட் (தரவு எடுக்கும் ஃபங்ஷன்) தரும் மதிப்பு பேஜ் டேட்டாவில் கலந்து வருகிறது, வேர் லேஅவுட்டும் அதைப் பார்க்கலாம். நக்ஸ்ட்டில் ரூட்டின் மெட்டா இருக்கிறது. முகவரியின் பெயர் மாறினாலும் குறிப்பு பக்கத்தோடேயே போகும், பட்டியல் பராமரிப்பு கிடையாது. நெக்ஸ்ட்டில் இப்படி மேலே அனுப்பும் வழி இல்லாததால்தான் அங்கே எல்லோரும் குரூப்புக்கு ஓடுகிறார்கள்.

அடைப்புக்குறி ஃபோல்டர்

நெக்ஸ்ட் 13, 2022 அக்டோபரில் ஆப் ஃபோல்டரைச் சோதனை நிலையில் கொண்டு வந்தது. 2023 மே மாதம் 13.4 பதிப்பில் அது நிலையானது. அதோடு வந்ததுதான் ரூட் குரூப். ஃபோல்டரின் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதினால் அது முகவரியில் வராது, ஆனால் அதற்குள் ஒரு லேஅவுட் வைக்கலாம். ஸ்வெல்ட்கிட்டிலும் அதே அடைப்புக்குறி, ஏறக்குறைய அதே பொருள். பொதுப் பக்கங்களை (பொது), டேஷ்போர்டை (செயலி) என்று பிரித்தால் இரண்டு லேஅவுட்டும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும். இதுவரை அழகு.

இப்போது தேர்வுப் பக்கத்தை உள்ளே விடுங்கள். இரண்டு வழிகள் உண்டு, இரண்டிலும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்.

முதல் வழி, உச்சியிலேயே (முழுத்திரை) என்று இன்னொரு குரூப் தொடங்கி, அதற்குள் பாடங்கள், அதற்குள் பாட எண், அதற்குள் தேர்வு என்று வைப்பது. (செயலி) குரூப்புக்குள்ளும் பாடங்கள், பாட எண் என்று ஃபோல்டர்கள் இருக்கும். இது செல்லும், கடைசி முகவரிகள் மோதாதவரை ஒரே பாதை இரண்டு குரூப்பில் இருக்கலாம். மோதினால், அதாவது இரண்டு குரூப்பிலும் ஒரே முகவரிக்குப் பக்கம் இருந்தால், நெக்ஸ்ட் பிழை காட்டி நிறுத்திவிடும், நல்லவேளை. ஆனால் பாடம் சம்பந்தப்பட்ட கோப்புகள் இரண்டு ஊரில் குடியிருக்கும். புதிதாகச் சேர்ந்தவர் பாடங்கள் ஃபோல்டரைத் திறந்து பார்த்து, தேர்வு எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார். அதைவிட முக்கியம், (செயலி) பக்கம் உள்ள பாட எண் லேஅவுட் பாடத்தின் விவரத்தைக் கொண்டு வந்து தந்துகொண்டிருந்தால், தேர்வுப் பக்கத்துக்கு அது கிடைக்காது. தரவு எடுக்கும் வேலையை ஒரு தனி ஃபங்ஷனாக எழுதி இரண்டு இடத்திலும் கூப்பிட வேண்டும்.

இரண்டாவது வழி, குரூப்பை மரத்தின் ஆழத்தில் வைப்பது. பாடங்கள், பாட எண் வரை ஒரே ஃபோல்டர். அதற்குள் (சட்டகம்) என்ற குரூப்பில் சைட்பார் லேஅவுட்டும் சாதாரணப் பக்கங்களும். குரூப்புக்கு வெளியே தேர்வு. கோப்புகள் ஒரே இடத்தில், தரவும் பொது. இது அழகாகத் தெரியும். ஆனால் சான்றிதழ்கள், சுயவிவரம் போன்ற மற்ற டேஷ்போர்டு பக்கங்களுக்கும் அதே சைட்பார் வேண்டுமே? அங்கே இன்னொரு லேஅவுட் கோப்பு அதே சைட்பாரை இறக்கிக்கொள்ளும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மரத்தில் இரண்டும் வேறு. பாடத்திலிருந்து சான்றிதழுக்குப் போனால் ஒரு சைட்பார் இறந்து இன்னொன்று பிறக்கும், ஸ்க்ரோலும் திறந்து வைத்த பகுதியும் போய்விடும். இந்தத் தவறை டெவலப்பரின் கணினியில் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அங்கே சைட்பாரில் ஐந்தே வரி இருக்கும். ஐம்பது பாடம் வாங்கிய மாணவர்தான் கண்டுபிடிப்பார்.

நான் முதல் வழியைத் தேர்ந்தெடுப்பேன். கோப்புகள் சிதறுவது நமக்குத் தொல்லை. சைட்பார் செத்துப் பிழைப்பது பயனருக்குத் தொல்லை.

வேரையே பிரிப்பது

நெக்ஸ்ட்டில் இன்னும் ஒரு படி மேலே போகலாம். உச்சியில் உள்ள லேஅவுட்டையே எடுத்துவிட்டு, ஒவ்வொரு குரூப்புக்கும் ஹெச்டிஎம்எல், பாடி டேக்குகளோடு தனி வேர் லேஅவுட் வைக்கலாம். கேட்க சுத்தமாக இருக்கும், அதனால் பலரும் முதல் நாளிலேயே இதைச் செய்துவிடுகிறார்கள். மூன்று விஷயங்கள் பின்னால் தெரியவரும்.

ஒரு வேரிலிருந்து இன்னொரு வேருக்குப் போகும் லிங்க் முழுப் பக்கத்தையும் புதிதாக ஏற்றும். பிரவுசரின் நினைவில் இருந்த ஸ்டேட் எல்லாம் காலி. முகப்பிலிருந்து டேஷ்போர்டுக்குப் போகும் ஒரே ஒரு கிளிக்குக்கு இது பெரிய இழப்பு இல்லை. சொல்லப்போனால் இரண்டு பக்கத்து சிஎஸ்எஸ் கலக்காமல் இருக்கும் என்பது வரவும்கூட. ஆனால் பாடத்துக்கும் தேர்வுக்கும் நடுவே வேர் மாறினால், ஓடிக்கொண்டிருந்த ஒலி நிற்கும், பக்கம் ஒரு கணம் வெளுக்கும். இரண்டாவது, உச்சியில் லேஅவுட் இல்லாததால் முகப்புப் பக்கமும் ஏதாவது ஒரு குரூப்புக்குள் போய்த்தான் ஆக வேண்டும். மூன்றாவது, எந்த ரூட்டோடும் பொருந்தாத முகவரிக்கு வரும் 404 பக்கத்தை எந்த வேரில் வரைவது என்ற கேள்வி. அதற்கென்றே தனிக் கோப்பு ஒன்றை நெக்ஸ்ட் 15.4 இல் சோதனை நிலையில் சேர்த்தார்கள் என்றால் எத்தனை பேர் இதில் மாட்டியிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஹெச்டிஎம்எல் டேக்கே வேறுபட வேண்டும், அல்லது இரண்டு பகுதிகளும் அநேகமாக இரண்டு தனிச் செயலிகள் என்றால் மட்டும் வேரைப் பிரியுங்கள். மற்றபடி எழுத்துருவும் பாடி டேக்கும் மட்டும் உள்ள மெலிந்த வேர் ஒன்று, அதன் கீழே குரூப்புகள். ஸ்வெல்ட்கிட்டில் இந்தச் சபலமே இல்லை. ஆப் ஹெச்டிஎம்எல் என்ற ஒரே வார்ப்புருதான், வேர் லேஅவுட் எல்லாப் பக்கங்களுக்கும் கட்டாயம் பொருந்தும். அங்கே அதைக் கிட்டத்தட்டக் காலியாக வைத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம், ஏனென்றால் அதிலிருந்து யாரும் தப்ப முடியாது.

தப்பிக்கும் குறி

மற்ற எல்லா லேஅவுட்டிலிருந்தும் தப்பலாம். ஸ்வெல்ட்கிட்டில் பக்கக் கோப்பின் பெயருக்குப் பின்னால் @ போட்டால் அந்தப் பக்கம் நேராக வேர் லேஅவுட்டுக்குப் போய்விடும். @ குறிக்குப் பின் (செயலி) என்று எழுதினால் அந்தக் குரூப்பின் லேஅவுட் வரை மட்டும் ஏறும். லேஅவுட் கோப்புக்கும் இதே குறி செல்லும். கோப்பு தன் முகவரி இருக்கும் ஃபோல்டரிலேயே இருக்கிறது, சட்டகத்தை மட்டும் கழற்றிக்கொள்கிறது. தேர்வுப் பக்கத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

ரியாக்ட் ரவுட்டர் குடும்பத்தில் இதற்கு அடிக்கோடு. 2023 செப்டம்பரில் வந்த ரீமிக்ஸ் 2, தட்டையான கோப்புப் பெயர்களை இயல்பாக்கியது. பெயருக்கு முன்னால் அடிக்கோடு வந்தால் முகவரியில் வராத லேஅவுட். ஒரு பகுதியின் முடிவில் அடிக்கோடு வந்தால் முகவரி அப்படியே, தாய் லேஅவுட் மட்டும் வேண்டாம் என்று பொருள். டான்ஸ்டாக் ரவுட்டரிலும் இரண்டும் அதே மாதிரி. பயன்படுத்தச் சுலபம், படிக்கத்தான் கொஞ்சம் கண் வலிக்கும். ஒரே ஒரு அடிக்கோடு பக்கத்தின் தோற்றத்தையே மாற்றிவிடும், கோட் ரிவ்யூவில் அது கண்ணில் படாமலே போகலாம்.

ஃப்ரேம்வொர்க் மாறுகிறவர்கள் இங்கேதான் கால் இடறுவார்கள். நெக்ஸ்ட்டின் அடைப்புக்குறி ஃபோல்டர் லேஅவுட் தரும். டான்ஸ்டாக் ரவுட்டரின் அடைப்புக்குறி ஃபோல்டர் வெறும் கோப்பு ஒழுங்குக்காக மட்டும், அதனால் ரூட் மரத்தில் எதுவும் மாறாது. நெக்ஸ்ட்டில் அடிக்கோட்டில் தொடங்கும் ஃபோல்டர் ரூட்டிங்கிலிருந்தே விலக்கப்பட்ட தனியார் இடம். டான்ஸ்டாக்கில் அதே அடிக்கோடு முகவரியில்லா லேஅவுட். ஸ்வெல்ட்கிட்டின் @ தப்பிக்கும் வழி. நெக்ஸ்ட்டில் @ போட்டுத் தொடங்கும் ஃபோல்டர் பேரலல் ரூட்டின் (ஒரே லேஅவுட்டில் பல பக்கங்களைச் சேர்த்துக் காட்டும் வசதி) ஸ்லாட். அந்த ஸ்லாட்டை லேஅவுட் மாற்றும் தந்திரமாக வளைக்கப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: டிஃபால்ட் கோப்பு வைக்க மறந்தால், நெக்ஸ்ட் 15 வரை, லிங்க் வழியாகப் போகும்போது சரியாகத் தெரிந்த பக்கம் ரீஃப்ரெஷ் செய்ததும் 404 ஆகும்; 16 முதல் பில்டே நின்றுவிடும். அது வேறு வேலைக்கான கருவி, அங்கேயே இருக்கட்டும்.

நெக்ஸ்ட்டில் தப்பிக்கும் குறியே கிடையாது. மேலே உள்ள லேஅவுட் வேண்டாமென்றால் அதற்குக் கீழே இருக்காதே, அவ்வளவுதான். முதலில் எனக்கு இது பிடிவாதமாகத் தெரிந்தது. பிறகு வேறொரு ப்ராஜெக்டில் @ குறிகள் இஷ்டத்துக்கு முளைத்து, எந்தப் பக்கம் எந்தச் சட்டகத்தில் இருக்கிறது என்று பெயர் பெயராகப் படிக்க வேண்டி வந்தபோது அந்தப் பிடிவாதத்தின் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. என் கணக்கு: ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்றால் குறி, மூன்றாவது பக்கமும் அதே இடத்துக்குத் தப்புகிறது என்றால் அது விதிவிலக்கு இல்லை, பெயர் வைக்கப்படாத ஒரு குரூப்.

காவலுக்கு லேஅவுட்டை நிறுத்தாதீர்கள்

லேஅவுட் ஒப்பீட்டில் லாகின் சோதனை எதற்கு என்று தோன்றலாம். (பாதுகாப்பு) என்று ஒரு குரூப் போட்டு, அதன் லேஅவுட்டில் லாகின் சோதனையை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது அத்தனை பரவலான பழக்கம் என்பதால்தான். ஃபோல்டரின் பெயர் அப்படி ஒரு நம்பிக்கையைக் கொடுத்துவிடுகிறது.

நெக்ஸ்ட்டில் பக்கம் மாறும்போது பொதுவான லேஅவுட் மறுபடி ஓடாது. ஆகவே அந்தச் சோதனை ஒவ்வொரு பக்கத்துக்கும் நடப்பதில்லை. முதல் நுழைவில் நடந்ததோடு சரி. ஸ்வெல்ட்கிட்டில் லேஅவுட்டின் லோடும் தேவை இருந்தால்தான் மறுபடி ஓடும். அதோடு லேஅவுட் லோடும் பக்கத்தின் லோடும் இயல்பாக ஒரே நேரத்தில் ஓடுகின்றன; பேரண்ட்டுக்குக் காத்திரு என்று சொல்லாவிட்டால், காவலாளி அடையாள அட்டை கேட்டுக்கொண்டிருக்கும்போதே பின்வாசலில் தரவு எடுக்கப்பட்டுக்கொண்டிருக்கும்.

இதில் தப்பிக்கும் குறியைச் சேர்த்துப் பாருங்கள். @ போட்டு வெளியேறிய பக்கம் நடுவில் உள்ள லேஅவுட்டின் தோற்றத்தை மட்டும் உதறுவதில்லை, அதன் லோடையும் சேர்த்தே உதறுகிறது. சைட்பார் வேண்டாம் என்று ஒரு எழுத்தைச் சேர்த்தவர், லாகின் சோதனையும் வேண்டாம் என்று சேர்த்தே சொல்லிவிட்டார், தனக்கே தெரியாமல். தேர்வுப் பக்கம் யாருக்கும் திறக்கும். ஆகவே சோதனையை ஒவ்வொரு கோரிக்கையும் கடந்தே தீர வேண்டிய இடத்தில் வைத்துவிடுங்கள்: ஸ்வெல்ட்கிட்டில் சர்வர் ஹுக்கின் ஹேண்டில் ஃபங்ஷன். நெக்ஸ்ட்டிலும் மற்றவற்றிலும் தரவைத் தொடும் ஃபங்ஷனுக்குள்ளேயே. அப்புறம் லேஅவுட்டை எப்படி வேண்டுமானாலும் புரட்டிப் போடலாம், பயம் இருக்காது.

பக்கமே சொல்லட்டும்

நக்ஸ்ட் இந்தச் சண்டையிலிருந்தே விலகி நிற்கிறது. லேஅவுட்டுகளுக்கு என்று தனி ஃபோல்டர். அதில் டிஃபால்ட், வெற்று, டேஷ்போர்டு என்று பெயர் வைத்த கோப்புகள். பக்கம் டிஃபைன்பேஜ்மெட்டாவில் தனக்கு எது வேண்டும் என்று ஒரு வரியில் சொல்லும். சொல்லாவிட்டால் டிஃபால்ட். எதுவுமே வேண்டாமென்றால் ஃபால்ஸ். முகவரி மரமும் லேஅவுட்டும் ஒன்றையொன்று கட்டிப்போடுவதில்லை. நம் தேர்வுப் பக்கம் அங்கே ஒரு பிரச்சினையே இல்லை: ஒரு வரி, முடிந்தது. நிலைத்து நிற்பதும் கெடாது. நக்ஸ்ட்லேஅவுட் காம்பொனென்ட் ஆப் கோப்பில் இருக்கும்வரை, ஒரே லேஅவுட்டைக் கேட்கும் இரண்டு பக்கங்களுக்கு நடுவே அது அப்படியே நிற்கும்.

இதன் பலவீனம் அடுக்கில். சைட்பாருக்குள் பாடத்தின் டேப்கள், டேப்களுக்குள் பக்கம் என்று இரண்டு அடுக்கு நிலைக்க வேண்டுமென்றால் லேஅவுட் மட்டும் போதாது. ஒரே பெயரில் ஒரு பக்கக் கோப்பும் ஒரு ஃபோல்டரும் வைத்து, தாய்ப் பக்கத்துக்குள் நக்ஸ்ட்பேஜ் போட்டு நெஸ்டட் ரூட் ஆக்க வேண்டும். அதாவது இரண்டு முறைகளைக் கலக்க வேண்டிவரும். இன்னொன்று சின்னது, ஆனால் அரை நாளை விழுங்கக்கூடியது: லேஅவுட்டுக்கு ஒரே ஒரு வேர் எலிமென்ட் இருக்க வேண்டும், அது ஸ்லாட்டாக இருக்கக் கூடாது. இல்லாவிட்டால் பக்க மாற்ற அனிமேஷன் காரணம் சொல்லாமல் சொதப்பும்.

வரி எழுத மறந்தால் என்ன ஆகும் என்பதும் யோசிக்க வேண்டியதுதான். ஃபோல்டர் முறையில் மறதிக்கு இடமில்லை, வைத்த இடமே சொல்லிவிடும். இங்கே மறந்தால் டிஃபால்ட் வந்து நிற்கும். ஆனால் இஃப் பட்டியல் மாதிரி மௌனமாகக் கெடாது. புதுப் பக்கத்தை எழுதியவர் முதல் முறை திறந்தவுடனேயே தெரிந்துவிடும்.

நெக்ஸ்ட்டின் பழைய பேஜஸ் ரவுட்டரிலும் இந்தச் சிந்தனைதான் இருந்தது. பக்கக் காம்பொனென்ட்டோடு கெட்லேஅவுட் என்று ஒரு ஃபங்ஷனை ஒட்டிவைத்தால் ஆப் கோப்பு அதைக் கூப்பிட்டுச் சுற்றும். இன்னும் அந்த ரவுட்டரில் இருப்பவர்கள், லேஅவுட்டுக்காக மட்டும் ஆப் ரவுட்டருக்கு மாற அவசரப்பட வேண்டாம். ஆஸ்ட்ரோவில் விஷயம் இன்னும் எளிது: லேஅவுட் என்று தனியாக ஒரு வகையே இல்லை, அது ஒரு காம்பொனென்ட், பக்கம் அதை இறக்கிச் சுற்றிக்கொள்கிறது, மார்க்டவுன் என்றால் தலைப்பகுதியில் அதன் பாதையை எழுதினால் போதும். பிஹெச்பி காலத்தில் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஹெடரை இன்க்ளூட் செய்தவர்களுக்கு ஊர் திரும்பிய உணர்வு வரும். ஒவ்வொரு பக்கமும் முழுதாக ஏறும் தளத்தில் எது நிலைத்து நிற்கிறது என்ற கேள்வியே எழுவதில்லை.

மரத்தைக் கையால் எழுதுவது

2024 நவம்பரில் வந்த ரியாக்ட் ரவுட்டர் 7, ரூட்களை ஒரு கோப்பில் ஃபங்ஷன் அழைப்புகளாக எழுதச் சொல்கிறது. கோப்புப் பெயர் வழி ரூட்டிங் வேண்டுமென்றால் தனிப் பொதியாகச் சேர்த்துக்கொள்ளலாம். லேஅவுட் என்ற ஃபங்ஷனுக்குள் ரூட்களை வைத்தால் அவை அந்தச் சட்டகத்தில். ப்ரீஃபிக்ஸ் என்ற ஃபங்ஷன் முகவரியை மட்டும் கூட்டும். முகவரியும் சட்டகமும் தனித்தனியாக, ஒரே திரையில், மேலிருந்து கீழே படிக்கக் கிடைக்கும். டான்ஸ்டாக் ரவுட்டரிலும் விர்ச்சுவல் ஃபைல் ரூட் என்று இதற்கு இணையான ஒன்று உண்டு.

கோப்பு வழி ரூட்டிங்கின் ரசிகர்கள் இதைப் பின்னடைவு என்பார்கள். ஒரே கோப்பை எல்லோரும் தொடுவதால் மெர்ஜ் மோதல்கள் வரும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் ஃபோல்டரில் பாதிப் பெயர்களில் அடைப்புக்குறியும் அடிக்கோடும் @ குறியும் தொங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் ஏற்கனவே ஒரு கான்ஃபிக் கோப்பு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், கோப்புப் பெயர்களில்.

எனக்கு என்றால்

அந்தப் பாடத் தளத்தை நெக்ஸ்ட்டில் கட்டினால்: மெலிந்த வேர் ஒன்று, (பொது), (செயலி), (முழுத்திரை) என மூன்று குரூப், தேர்வு மூன்றாவதில். ஸ்வெல்ட்கிட்டில் (பொது), (செயலி) இரண்டு மட்டும். தேர்வுக்கு ஒரே ஒரு @, லாகின் சோதனை ஹுக்கில். பாடம் கேட்கும் பக்கத்தையும் முழுத்திரை ஆக்கச் சொன்னால் இன்னொரு @. மூன்றாவது பக்கம் வந்தால்தான் அங்கேயும் குரூப். நக்ஸ்ட்டில் மூன்று லேஅவுட் கோப்பு. டிஃபால்டாக டேஷ்போர்டை வைப்பேன், ஏனென்றால் புதுப் பக்கங்கள் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கும். எல்லாவற்றிலும் லாகின் பெட்டி வெறும் காம்பொனென்ட்.

சான்றிதழ் அச்சிடும் பக்கத்துக்கும் தனி லேஅவுட் வேண்டும் என்று கடைசியில் யாராவது கேட்பார்கள். வேண்டாம். அச்சுக்கான சிஎஸ்எஸ் மீடியா விதியில் சைட்பாரை மறைத்தால் போதும், ஃபோல்டர் பக்கமே போக வேண்டாம்.